பத்து மடங்கு போதும்: மரப்பட்டை லைக்கனுக்கு ஒரு கைலென்ஸ்

மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் லைக்கன்களைப் பார்ப்பதற்காக வாங்கிய, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ‘டிரிப்லெட்’ (மூன்று ஆடிகளை ஒட்டிச் செய்த) வகைக் கைலென்ஸ் ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ஒரே மாதிரியான உறையும் ஒரே அளவுக் கண்ணாடியும் பல பெயர்களில் இணையச் சந்தையில் கிடைப்பதால், பெயரை நம்பி வாங்குவதைவிட வகையை அறிந்து வாங்குவதே பயன் தரும். நான் கொடுத்த விலை 1,400 ரூபாய். வைரத்தில் குறை பார்க்கும் நகை வணிகரும், பாறையில் கனிமம் பார்க்கும் நிலவியல் மாணவரும் வைத்திருக்கும் அதே கருவிதான். லைக்கனுக்கென்று தனியாக எவரும் லென்ஸ் செய்து விற்பதாகத் தெரியவில்லை. ஆகவே இக்கருவியைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் கருத்துகள் பெரும்பாலும் நகைக்கடைக் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டவையாகவே இருக்கின்றன. கல் பார்ப்பவருக்கு மேசை உண்டு, விளக்கு உண்டு, உட்கார நாற்காலி உண்டு. மரத்தைப் பார்ப்பவருக்கு அவற்றில் ஒன்றும் இல்லை என்பதோடு, பார்க்கும் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் வசதியும் இல்லை. அந்த நிலையில் இந்த லென்ஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓருடலாக வாழ்வதே லைக்கன் என்று பள்ளியில் படித்திருப்போம். இலை போல் விரிவது, புதர் போல் கிளைப்பது, ஓடு போல் படர்வது என்று அதன் உருவத்தை மூன்றாகப் பிரிப்பதும் அதே பாடத்தில் வரும். நம் சமையலறையில் கல்பாசி என்ற பெயரில் இருப்பது இலை வகை. விளிம்பைப் பிடித்து நெம்பினால் அது பட்டையிலிருந்து தனியே வந்துவிடும். அதனால்தான் பொட்டலமாகிக் கடைக்கு வருகிறது. ஓட்டு வகைக்கோ அப்படிப் பிடித்து நெம்புவதற்குக் கீழ்த்தோல் என்ற ஒன்றே கிடையாது. அதன் பூஞ்சை இழைகள் பட்டையின் மேலடுக்கோடு பின்னிக் கிடக்கும். சில இனங்களில் உடலத்தின் பெரும்பகுதி உயிரற்ற பட்டை அடுக்குகளுக்குள்ளேயே மறைந்திருக்க, வித்து உண்டாகும் கனியுறுப்புகள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். அதை எடுக்க வேண்டுமானால் பட்டையையும் சேர்த்துச் சீவித்தான் எடுக்க வேண்டும். சீவ மனமில்லாதவரும், காப்புக்காட்டில் சீவ அனுமதி இல்லாதவரும் லென்ஸோடு மரத்தடிக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

சோதனைப் பொருளாக நான் எடுத்துக்கொண்டது கிராஃபிஸ் என்ற பேரினம். பலா, பாக்கு போன்று பட்டை ஓரளவு வழவழப்பாக இருக்கும் மரங்களில், வெளுத்த சாம்பல் நிறத் திட்டின் மேல் யாரோ கறுப்பு மையால் கிறுக்கி வைத்தது போன்ற கோடுகளைப் பலர் பார்த்திருப்பார்கள். நேராகவும் வளைந்தும் கவைத்தும் ஓடும் அந்தக் கோடுகள்தாம் அதன் கனியுறுப்புகள். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-லேயே இவ்வகை ஒன்றை எழுத்து லைக்கன் என்று பெயரிட்டுப் பதிந்தார். 1809-இல் லைக்கன் ஆய்வாளர் அக்கேரியஸ் அதைக் கிராஃபிஸ் ஸ்கிரிப்டா ஆக்கினார். அந்தக் குறிப்பிட்ட இனம் ஐரோப்பாவின் ஹேசல், ஆஷ், பீச் மரங்களுக்கு உரியது. அதுவுமே ஒரே இனமன்று, ஒன்றுபோல் தோன்றும் பல இனங்களின் கூட்டம் என்பது பிற்காலத்து ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. உலக அளவில் கிராஃபிஸ் பேரினத்தில் 300-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் வாழ்பவை. எனவே கொல்லிமலையில் ஒரு பலா மரத்தின் மேல் கறுப்புக் கோடுகளைக் கண்டவுடன் கிராஃபிஸ் ஸ்கிரிப்டா என்று படத்தின் அடியில் எழுதிவிடுவது, ஊரில் பார்த்த எல்லாக் குருவிக்கும் சிட்டுக்குருவி என்று பெயர் சொல்வதற்குச் சமம்.

இந்த லைக்கனைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒளியியல் காரணம் ஒன்றும் உண்டு. வெளுத்த பரப்பில் கரிய, கூர்மையான விளிம்புடைய கோடு என்பது எந்த லென்ஸையும் இரக்கமின்றிச் சோதிக்கும் அமைப்பு. ஒற்றைக் கண்ணாடியால் ஆன மலிவான லென்ஸில் வெவ்வேறு நிற ஒளிக்கதிர்கள் வெவ்வேறு தூரத்தில் குவிவதால், கறுப்புக் கோட்டின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் ஆரஞ்சாகவும் கரை கட்டும். பார்வைப் புலத்தின் நடுவில் கோடு நேராக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக வளைந்து மங்கிவிடும். டிரிப்லெட் என்பது வெவ்வேறு வகைக் கண்ணாடியால் ஆன மூன்று ஆடிகளை ஒன்றாக ஒட்டிச் செய்தது. ஒன்றின் பிறழ்ச்சியை இன்னொன்று சரிசெய்துவிடும். நான் வாங்கிய லென்ஸில் கிராஃபிஸின் கோடுகளுக்கு நிறக்கரை ஏதும் தென்படவில்லை. ஓரத்தில் மிகச் சிறிய மங்கல் இருக்கிறது என்றாலும், புலத்தின் பெரும்பகுதி முழுவதும் தெளிவாகவே இருந்தது. பணம் கொடுத்தது இதற்குத்தான்; மற்றவையெல்லாம் உறையும் திருகும்.

அந்தத் தெளிவில் என்ன தெரிகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிராஃபிஸின் ஒரு கோடு பெரும்பாலும் சில மில்லிமீட்டர் நீளமும், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு அகலமும் உடையது. வெறுங்கண் ஒரு சாண் தூரத்தில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், ஆகவே கோடு இருப்பது தெரியும், கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. பத்து மடங்கில் பார்க்கும்போது அந்தக் கோடு இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளமாகிறது. பள்ளத்தின் இருபுறமும் கரிந்த கரைகள் உதடுகள் போல் எழுந்து நிற்கின்றன. சிலவற்றில் அந்த உதடுகள் ஒன்றையொன்று தொட்டு இறுக மூடியிருக்கும். சிலவற்றில் நன்றாகத் திறந்து, உள்ளே இருக்கும் தளம் பழுப்பாகவோ வெண்பொடி தூவியது போலவோ தெரியும். உதடுகள் வழவழப்பாக இருக்கின்றனவா, அல்லது நீளவாக்கில் வரிவரியாகப் பிளந்திருக்கின்றனவா. உடலத்தின் மேலோடு கறுப்புக் கரையின் மீதும் ஏறி மூடியிருக்கிறதா, இல்லையா. கோடு பட்டைக்குள் புதைந்திருக்கிறதா, மேலே உட்கார்ந்திருக்கிறதா. கிராஃபிஸ் இனங்களைப் பிரிக்கும் வழிகாட்டிகளில் முதல் சில கேள்விகள் இவைதாம். இவை அத்தனைக்கும் இந்த லென்ஸ் மரத்தடியிலேயே விடை தந்துவிட்டது. வரியுள்ள உதட்டையும் வரியில்லாத உதட்டையும் அடுத்தடுத்த இரண்டு திட்டுகளில் முதன்முதலாகப் பிரித்துப் பார்த்தபோது, இதுநாள்வரை ஒரே லைக்கன் என்று எண்ணிய மரத்தில் குறைந்தது இரண்டு குடியிருக்கின்றன என்பது புலப்பட்டது. இரண்டு திட்டுகளும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கரிய எல்லைக்கோடு ஒன்று ஓடுவதையும், அது கனியுறுப்பு ஆகாது என்பதையும் லென்ஸ் இல்லாமல் சொல்லியிருக்க முடியாது.

‘பத்து மடங்கு எதற்கு, முப்பது மடங்கே இதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறதே’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முந்நூறு ரூபாய்க்குள், ‘30×21’ என்று பொறித்த மடக்கு லென்ஸ்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. அந்த எண்களை வீட்டிலேயே சோதித்துவிடலாம். லென்ஸை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்து, தூரத்துச் சன்னலின் உருவம் தாளில் கூர்மையாக விழும் இடத்தில் நிறுத்தி, லென்ஸின் நடுப்பகுதிக்கும் தாளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். 250-ஐ அந்த மில்லிமீட்டர் அளவால் வகுத்தால் கிடைப்பதே உண்மையான உருப்பெருக்கத்துக்கு நெருங்கிய எண். பத்து மடங்கு லென்ஸுக்கு அந்தத் தூரம் 25 மில்லிமீட்டராக இருக்கும். முப்பது மடங்கு உண்மையாக இருக்க வேண்டுமானால் குவியத் தொலைவு எட்டு மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும்; 21 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒற்றை ஆடியை முழுக் கோலிக்குண்டாகவே செய்தாலும் குவியத் தொலைவு அந்த அளவுக்குக் குறுகாது. ஆகவே அந்தப் பொறிப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். நான் வாங்கிய டிரிப்லெட்டை இவ்வாறு அளந்ததில் சொன்ன எண்ணுக்கு மிக அருகிலேயே வந்தது.

உண்மையான இருபது மடங்கு லென்ஸும் நல்ல தரத்தில் கிடைக்கிறது. அதைக் கடன் வாங்கிப் பார்த்தேன். ஓட்டு லைக்கனுக்கு அதை முதல் லென்ஸாக நான் பரிந்துரைக்க மாட்டேன். இருபது மடங்கில் லென்ஸுக்கும் பட்டைக்கும் இடையே உள்ள இடைவெளி 12 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. தலையை மரத்தோடு ஒட்டினால்தான் உருவம் தெளியும். ஒட்டிய தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். மரப்பட்டை தட்டையான பரப்பு கிடையாது. பார்க்கும் ஆளும் மூச்சு விடாமல் நிற்க முடியாது. பெருக்கம் கூடக் கூடத் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துகொண்டே போவதால், உதட்டின் விளிம்பு தெளிந்தால் பள்ளத்தின் அடி மங்குகிறது, அடி தெளிந்தால் விளிம்பு மங்குகிறது. பத்து மடங்கில் இரண்டும் ஓரளவு சேர்ந்தே தெரிகின்றன. இருபது மடங்கு தேவைப்படும் இடம் வேறு: உடலத்தின் மேலுள்ள நுண்பொடியா, நுண்முளையா என்ற ஐயம் வரும்போது அது கைகொடுக்கும். அது இரண்டாவது லென்ஸின் வேலை.

பிடிக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். பூதக்கண்ணாடியைப் போல் லென்ஸைப் பொருளுக்கு அருகே நீட்டிப் பிடித்து, தலையைத் தள்ளி வைத்துக்கொண்டு பார்ப்பவர்களைத்தான் அதிகம் காண்கிறோம். அப்படிப் பார்த்தால் எவ்வளவு நல்ல டிரிப்லெட்டும் சாவித்துளை வழியே பார்ப்பது போல் ஒரு சின்ன வட்டத்தையே காட்டும். லென்ஸைப் பிடித்த கையின் விரல்முட்டி கன்னத்தில் படும்படி, இமை தொடும் தூரத்துக்குக் கொண்டுவந்து, மறு கையை மரத்தில் ஊன்றிக்கொண்டு, உடலை முன்னும் பின்னும் அசைத்துத்தான் தெளிவைப் பிடிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் லென்ஸை முன்பின் நகர்த்தும்போதே சரியாகிவிடும். கடும் சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்கள் மட்டும் கண்ணாடியோடு பார்க்க வேண்டியிருக்கும். அவர்களுக்குக் குறுக்களவு பெரிய லென்ஸ் வசதி. என்னுடையது 18 மில்லிமீட்டர். பன்னிரண்டு மில்லிமீட்டர் அளவில் வரும் சிறிய வகை மலிவு என்றாலும், காட்டு நிழலில் அதற்குப் போதிய வெளிச்சம் கிடைப்பதில்லை.

வெளிச்சம்தான் இந்தக் கருவியின் பலவீனமான பக்கம். என் லென்ஸில் விளக்கு இல்லை. விளக்கோடு வரும் வகையை வேண்டாமென்று விட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. லென்ஸைச் சுற்றி வளையமாகப் பதித்த எல்.இ.டி. விளக்குகள் நேர் எதிரே இருந்து ஒளி பாய்ச்சுவதால் நிழலே விழாது; நிழல் இல்லாவிட்டால் உதட்டின் வரிகளும் கோட்டின் மேடுபள்ளமும் தெரியாது. மலிவான எல்.இ.டி.யின் நீலம் கலந்த ஒளி ஆலிவ் பச்சையையும் வெளிறிய மஞ்சளையும் சாம்பலாக்கிக் காட்டும். லைக்கன் விஷயத்தில் அந்த நிறங்கள் முக்கியம். இதற்கு மாற்றாக ஒரு சிறிய பேனா டார்ச்சைப் பட்டையோடு சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், பள்ளங்கள் அத்தனையும் நிழலோடு எழுந்து நிற்கும். ஆனால் ஒரு கையில் லென்ஸ், மறு கையில் டார்ச் என்றான பிறகு மரத்தில் ஊன்றக் கை இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பக்கவாட்டில் வெயில் விழும் தோப்பில் டார்ச்சே தேவைப்படவில்லை. சோலைக்காட்டின் உட்பகுதியில் அது இல்லாமல் முடியவில்லை.

தண்ணீர் தெளிக்கும் சிறு குப்பி ஒன்றும் உடன் இருந்தால் லென்ஸின் மதிப்பு கூடும். காய்ந்த நிலையில் வெளுத்திருக்கும் திட்டு நனைந்தவுடன் பச்சை காட்டும். மேலோடு ஈரத்தில் ஒளி ஊடுருவும் தன்மை பெற்று, உள்ளே உள்ள பாசி அடுக்கு தெரிவதே காரணம். கிராஃபிஸ் உள்ளிட்ட பல வெப்பமண்டல ஓட்டு லைக்கன்களின் கூட்டாளிப் பாசி டிரென்டிபோலியா. பச்சைப் பாசி என்ற வகுப்பைச் சேர்ந்திருந்தும் கரோட்டின் நிறமிகள் மிகுந்திருப்பதால் அது ஆரஞ்சு நிறமானது. திட்டின் ஓரத்தில் நகத்தால் மிக இலேசாகச் சுரண்டி லென்ஸ் வைத்துப் பார்த்தால், கீறிய இடத்தில் புல்பச்சைக்கு மாறாக மஞ்சள் கலந்த, சில வேளை ஆரஞ்சு கலந்த பச்சை தெரியும். உள்ளே இருப்பது எந்தப் பாசி என்பதற்கு மரத்தடியில் கிடைக்கக்கூடிய முதல் தடயம் அது. சுரண்டுவது ஓர் அரிசிமணி அளவைத் தாண்ட வேண்டாம். ஓட்டு லைக்கன்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் கணக்கில்தான் பரவுகின்றன.

அடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் இந்த லென்ஸைக் கொண்டு பார்த்தவற்றுள் கிராஃபிஸுக்கு அடுத்து மனத்தில் நிற்பது டிரைபெதீலியம் எலூத்தீரியே என்ற லைக்கன். வழவழப்பான ஆலிவ் பச்சைத் திட்டின் மேல் பழுப்பு நிற மருக்கள் போல் மேடுகள் எழும்பியிருக்கும். வெறுங்கண்ணுக்கு அவை பட்டையின் புண் என்றே தோன்றும். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு மேட்டிலும் கறுத்த ஊசித்துளைகள் பல தெரிகின்றன. ஒவ்வொரு துளையும் உள்ளே புதைந்திருக்கும் ஒரு குடுவை வடிவக் கனியுறுப்பின் வாய். ஒரு மேட்டின் தலையை மட்டும் பிளேடால் சீவினால் உள்ளே மஞ்சளும் ஆரஞ்சுமான நிறமி பளிச்சென்று தெரியும். அதன்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு பட்டால் இரத்தச் சிவப்பாக மாறும். பல இனங்களில் லென்ஸ் பாதி வழியில் நின்றுவிடும்போது, இதில் கிட்டத்தட்ட வாசல் வரை கொண்டுபோய் விடுகிறது என்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன். 1804-இல் தாவரவியலாளர் ஸ்பிரெங்கல் இதற்குப் பெயரிட்டபோது அது கிடைத்தது கஸ்கரில்லா என்ற மருந்துப்பட்டையின் மேல். ஐரோப்பிய மருந்துக்கடைகளுக்கு வெப்பமண்டலத்திலிருந்து கப்பலில் வந்த பட்டைகளோடு ஒட்டிக்கொண்டு வந்த லைக்கன்களை 1820-களில் பிரெஞ்சு மருந்தியலாளர் ஃபே விரிவாக ஆராய்ந்தார்; காய்ச்சலுக்குக் கொய்னா தந்த சின்கோனா பட்டையும் அவற்றுள் ஒன்று. அந்தச் சின்கோனாவைத்தான் 1860-களில் ஆங்கிலேயர் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள். காட்டுக்கே போகாமல் சரக்குப் பெட்டியில் இருந்து லைக்கன் இயல் வளர்ந்த காலமும் ஒன்று இருந்திருக்கிறது.

இனி லென்ஸால் முடியாதது. கிராஃபிஸின் இனம் எது என்று இறுதியாகத் தீர்மானிப்பது கோட்டுக்குள் இருக்கும் ஸ்போர்கள் என்ற நுண்வித்துகள். அவற்றின் நீளம் மைக்ரோமீட்டர் கணக்கில் அமைவது. குறுக்குச் சுவர்கள் மட்டும் உள்ளனவா, நெடுக்குச் சுவர்களும் சேர்ந்து கட்டம் கட்டமாக உள்ளனவா, ஒரு ஸ்போர்ப் பையில் எத்தனை உள்ளன, அயோடினில் ஊதா நிறம் காட்டுகின்றனவா என்பதையெல்லாம் அறியக் கனியுறுப்பை மெல்லிய சீவலாக வெட்டி, கூட்டு நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்க்க வேண்டும். உதட்டின் கரிய பகுதி கோட்டின் அடிவரை இறங்கிச் சூழ்ந்திருக்கிறதா, பக்கங்களோடு நின்றுவிட்டதா என்பதும் வெட்டிப் பார்த்தால் தவிர உறுதியாகத் தெரியாது. உடலத்தில் இருக்கும் நார்ஸ்டிக்டிக் அமிலம் போன்ற வேதிப்பொருள்களையும் சொட்டுச் சோதனைகளாலும் ஆய்வகப் பிரிப்பு முறைகளாலும் மட்டுமே அறியலாம். ஆகவே கைலென்ஸை வைத்துக்கொண்டு இனப்பெயர் வரை எழுதும் படங்களை நான் நம்புவதில்லை. பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது நேர்மை. லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் லைக்கன் உலர்தாவரத் தொகுப்பைப் போன்ற இடங்களில் மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வல்லுநர்களே முடிவுக்கு வருகிறார்கள்.

கைபேசியோடு இதைச் சேர்த்துப் பயன்படுத்த முடியுமா என்பது பலர் கேட்கும் கேள்வி. முடியும். கைபேசியின் முதன்மைக் கேமராக் கண்ணில் லென்ஸைப் படும்படி வைத்து, இரண்டையும் ஒன்றாகப் பட்டையை நோக்கி நகர்த்தினால் நடுப்பகுதி மிக நல்ல படமாக வருகிறது. மூலைகள் கறுத்துப் போவதை வெட்டி எடுத்துவிடலாம். பிடி ஆடாமல் இருக்க ரப்பர் வளையம் ஒன்று போதும். கைபேசிக்கென்றே கிளிப்போடு விற்கும் மேக்ரோ லென்ஸ்களைவிட இதில் விளிம்பு கூர்மையாகவே வந்தது. படம் எடுக்கும்போது மில்லிமீட்டர் அளவுகோலின் ஓரத்தையும் சேர்த்து எடுப்பது நல்லது. அளவு தெரியாத கோட்டுப் படத்தை எந்த வல்லுநருக்கு அனுப்பினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ‘இது எத்தனை மில்லிமீட்டர்’ என்பதாகத்தான் இருக்கும்.

உறை எஃகுத் தகடு. மடக்கினால் தீப்பெட்டியைவிடச் சிறியது. கனம் சற்று அதிகம், ஆனால் கழுத்தில் தொங்கவிட்டால் உறுத்தும் அளவுக்கு இல்லை. சுழலும் அச்சின் திருகு பயன்பாட்டில் தளர்ந்துகொண்டே வருகிறது; கடிகாரத் திருப்புளியால் அவ்வப்போது இறுக்க வேண்டியிருக்கிறது. இந்த விலையில் இதைச் சரியாகச் செய்திருக்கலாம். மூன்று ஆடிகளும் பசையால் ஒட்டப்பட்டவை என்பதால் ஸ்பிரிட்டில் ஊற வைப்பதோ சூடான இடத்தில் விட்டுவைப்பதோ கூடாது. தூசியை ஊதிவிட்டு, மென்துணியால் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் மலைக்குப் போய்வந்தால் ஈரத்தோடு தோல் பைக்குள் போட்டு மூடி வைக்கவே கூடாது. கண்ணாடியின் மேல் பூஞ்சை படர்ந்துவிடும். மரத்தில் பாசியோடு கூடி அழகாக வாழும் அதே குலம்தான், லென்ஸில் ஏறினால் மட்டும் பொறுக்க முடியவில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைப்பதே வழி.

லென்ஸோடு மரத்தருகே நிற்பவரைக் கண்டால் தோப்புக்காரர்கள் வந்து விசாரிப்பது இயல்பு. “இந்த வெள்ளை நோவு மரத்தை அரிச்சிடுமா, சுண்ணாம்பு அடிக்கலாமா தம்பி?” என்று ஒரு பெரியவர் கேட்டார். “நோவு இல்லீங்க ஐயா, மரத்துலேர்ந்து அது ஒண்ணும் எடுத்துக்கறதில்ல” என்று சொல்லி லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். லைக்கன் தன் உணவை உள்ளே உள்ள பாசியின் ஒளிச்சேர்க்கையால் தானே ஆக்கிக்கொள்கிறது. உயிருள்ள திசுவைத் தின்று வாழும் ஒட்டுண்ணி அது கிடையாது. வளர்ச்சி குன்றி இலை உதிர்ந்த கிளைகளில் அது மிகுந்து காணப்படுவது, அங்கே வெளிச்சம் கூடுவதாலும் பட்டை மெதுவாக உரிவதாலும்தான். காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டு, ஆண்டுதோறும் மரத்தைச் சுரண்டிப் பட்டையைப் புண்ணாக்குவதுதான் உண்மையான கேடு. பெரியவர் நெடுநேரம் லென்ஸை விடவில்லை; முதலில் எட்டப் பிடித்தே பார்த்தார், இமையருகே கொண்டுவரச் சொன்ன பிறகுதான் கோட்டுக்கு உதடு இருப்பதைக் கண்டுகொண்டார்.

யார் வாங்க வேண்டும் என்றால், தாவரவியல் மாணவர்களும் பறவை பார்க்கப் போய் மரத்தையும் பார்க்கத் தொடங்கியவர்களும் தயங்காமல் வாங்கலாம்; பாசி, பூவின் உள்ளுறுப்பு, பூச்சி என்று வேறு எதற்கும் இதே லென்ஸ் உதவும். பள்ளிக்கு வாங்குவோர், ஆளுக்கொன்றாக முப்பது விளக்கு லென்ஸ் வாங்கும் பணத்தில் நல்ல டிரிப்லெட் ஐந்தை வாங்கிக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுப்பதே என் பரிந்துரை. மங்கலான லென்ஸில் ஒரு முறை பார்த்துச் சலித்த பிள்ளை இரண்டாம் முறை கேட்காது. கல்பாசியும் பெரிய இலை லைக்கன்களும் மட்டுமே பார்க்க விரும்புவோருக்கு இவ்வளவு செலவு வேண்டியதில்லை; சாதாரணப் பூதக்கண்ணாடியே போதும். வாங்கும்போது உறையில் கயிறு கோக்கும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும், கயிற்றைச் சிவப்பு நிறத்தில் கட்டவும். கறுப்புக் கயிற்றோடு சருகில் விழுந்த லென்ஸைத் தேடுவதற்கு இன்னொரு லென்ஸ் வேண்டும்.